முதல் வருஷப் பெண்ணுக்கு எத்தனை மேட்ச்?

ஜூன், ஜூலை வந்தால் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுவார்கள். 'கூடைப்பந்து அணிக்கான தேர்வு. மாலை 4 மணி. விருப்பமுள்ள முதலாம் ஆண்டு மாணவிகள் மைதானத்துக்கு வரவும்.' ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, ஹாஸ்டல் விதிமுறை, தொலைந்துபோன அடையாள அட்டை ஆகிய அறிவிப்புகளுக்கு நடுவே அது இருக்கும். அப்பா அம்மா கண்ணில் படாது. உங்கள் கண்ணிலும் பட்டிருக்காது.

அமெரிக்காவில் இந்த வெள்ளைத்தாள் ஒரு பெரிய செய்தி. 'இந்த வருஷம் நம்ம காலேஜ் பெண்கள் டீமுக்குப் புதுசா யார் வந்திருக்கா? உயரம் எவ்வளவு? இடது கையால் போடுவாளா? போன வருஷம் படிப்பு முடித்துப் போனவளின் இடத்தை நிரப்புவாளா?' என்று சீசன் தொடங்கும் முன்பே உள்ளூர்ப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அலசும். நாமும் ஒரு முன்னோட்டம் எழுதிப் பார்ப்போமே என்று தோன்றியது. எந்தக் கல்லூரி என்று குறிப்பிட வேண்டியதில்லை. தூத்துக்குடியானாலும் திருநெல்வேலியானாலும் நாகர்கோவிலானாலும் அநேகமாகப் பொருந்தும்.

இதோ முன்னோட்டம். தேர்வுக்குப் பதினைந்து பேர் வருவார்கள். ஏழெட்டுப் பேர் பள்ளியில் ஆடியவர்கள். மீதிப் பேர் தோழிக்குத் துணையாக வந்தவர்கள். நான்கைந்து பேரை எடுப்பார்கள். பல்கலைக்கழகத்தின் இன்டர்-காலேஜ் போட்டி வரும். பெரும்பாலும் நாக்-அவுட் முறை. முதல் ஆட்டத்தில் தோற்றால் வேனில் ஏறி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சீசன் முடிந்தது.

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட முடியாது. நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

16 அணிகள் நாக்-அவுட்டில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியே போய்விடும். எத்தனை அணிகள் வந்தாலும் இந்த முறையில் பாதி அணிகளுக்கு ஏறக்குறைய ஒரு மேட்ச்தான், அது விதி. ஒரு மேட்ச் என்பது 40 நிமிஷம். களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு அணிக்கு 200 நிமிஷ ஆட்ட நேரம். அணியில் 12 பேர். தோற்றால் வீடு என்கிற ஆட்டத்தில் பி.டி. மேடம் யாரை இறக்குவார்? மூன்றாம் வருஷ, இரண்டாம் வருஷப் பெண்களைத்தான். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். சீனியர்கள் ஏழு பேர் 180 நிமிஷத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் மிச்சம் 20. அதைப் புதுப் பெண்கள் ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாலு நிமிஷம்.

நாலு நிமிஷத்தில் ஒரு டீ கூட ஆறாது.

இந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் அந்தப் பெண் ஜூலையிலிருந்து தினமும் சிமெண்ட் தரையில் ஓடுகிறாள். தூத்துக்குடி சிமெண்ட் தரை சாயங்காலம் நாலு மணிக்கு எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். உப்பளத்துக்கு உதவுகிற வெயில் பாஸ்கெட்பால் கோர்ட்டை மட்டும் விட்டுவிடுமா என்ன?

அமெரிக்கக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அங்கே முதல் ஆட்டத்துக்கு 42 நாள் முன்பிருந்து முறையான பயிற்சி தொடங்கலாம், அதற்குள் 30 பயிற்சிகள் என்று விதி இருக்கிறது. நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை ஒரு கல்லூரி அணி சுமார் 30 ஆட்டம் ஆடும். ஆரம்பத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற முதல் வருஷப் பெண் பத்தாவது ஆட்டத்தில் பத்து நிமிஷம் ஆடுவாள், இருபதாவது ஆட்டத்தில் இருபது நிமிஷம் ஆடுவாள். தப்பு செய்ய அவளுக்கு இடம் இருக்கிறது. திருத்திக்கொள்ள அடுத்த வாரம் இருக்கிறது. நம் பெண்ணுக்கு அடுத்த வாரம் கிடையாது, அடுத்த வருஷம்தான்.

'அமெரிக்கா பணக்கார நாடு சார், அங்கே கலாசாரமே வேற' என்று நீங்கள் ஆரம்பிப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். உலகத்தில் பெண்கள் ஆடிய ஆரம்பகாலக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஒன்று எது தெரியுமா? 1893 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் முதல் வருஷப் பெண்களுக்கும் இரண்டாம் வருஷப் பெண்களுக்கும் நடந்த ஆட்டம். நடத்தியவர் செண்டா பெரன்சன் என்கிற உடற்பயிற்சி ஆசிரியை. ஆட்டத்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்து ஒன்றேகால் வருஷம்தான் ஆகியிருந்தது. பெண்கள் கால்சட்டை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடுவதை ஆண்கள் பார்க்கக் கூடாது என்று மற்ற ஆண்களை உள்ளே விடவில்லை. நம்ம ஊர் கலாசாரக் காவலர்களை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

பெண்களுக்கு மூச்சு வாங்கும், மயக்கம் வரும் என்று மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை விட்டு இன்னொரு பகுதிக்குப் போகக் கூடாது என்றும் விதி வைத்தார்கள். அயோவா மாநிலத்துப் பள்ளிகளில் இதன் மிச்சம் 1993 வரை இருந்தது. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் எதிரணிப் பாதியில் நின்று பந்து போட, மூன்று பேர் தங்கள் பாதியில் நின்று தடுக்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. அதே அயோவாவில் பிறந்து வளர்ந்த கெய்ட்லின் கிளார்க் 2024-இல் கல்லூரி இறுதிப் போட்டியில் ஆடியபோது டி.வி.யில் சராசரியாக ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்த வருஷம் ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் ஒரு கோடியே 48 லட்சம். கலாசாரம் தானாக மாறவில்லை. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972-இல் சட்டம் போட்டார்கள். பையன்களுக்கு மைதானம், கோச், மேட்ச் என்றால் பெண்களுக்கும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். அரை நூற்றாண்டில் அங்கே வந்து நிற்கிறது.

நாம் தூத்துக்குடிக்கே திரும்புவோம். 'சீசனுக்கு முன்னால் நிலவரம் பார்ப்பது' என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிய விஷயமே இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சலாபம் என்று கூவியவுடன் படகு எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். முதலில் அரசாங்க ஆட்கள் கடலுக்குள் போய் ஒவ்வொரு முத்துப் பாரையும் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, எண்ணி, வயசு பார்த்து, உள்ளே இருக்கும் முத்தை மதிப்புப் போடுவார்கள். சிப்பி இளசாக இருந்தால் 'இந்த வருஷம் வேண்டாம், வளரட்டும்' என்று விட்டுவிடுவார்கள். அதிகம் தாமதித்தாலும் ஆபத்து, கிழடான சிப்பி செத்துப்போய் முத்து கடலோடு போய்விடும். அப்படிப் பார்த்துப் பார்த்து நடத்தியும் 1961-க்குப் பிறகு இங்கே ஒரு சலாபம்கூட நடக்கவில்லை என்பது வேறு சோகம். ஆனால் ஒரு சிப்பி எந்த வருஷம் தயாராகும் என்று தெரிந்துகொள்ள ஒரு அரசாங்கம் ஆள் அம்பு அனுப்பியது. பதினேழு வயசுப் பெண் எந்த நிலையில் கல்லூரிக்குள் வருகிறாள் என்று பார்க்க நம்மிடம் யாரும் இல்லை.

அவள் எந்த நிலையில் வருகிறாள்? அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு வரை நன்றாக ஆடியிருப்பாள். பத்தாவது வந்ததும் 'பப்ளிக் எக்ஸாம்' என்று ஷூவைப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றிருந்ததும் 2017-18-இல் போனது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 10, 11, 12 என்று தொடர்ந்து மூன்று பொதுத்தேர்வு. 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் வழக்கத்தை எந்த அரசாணை எடுக்கும்? விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் 2023-இல் பொதுமேடையிலேயே கேட்டுக்கொண்டார், விளையாட்டு பீரியடைக் கணக்கும் அறிவியலும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம் என்று. ஒரு அமைச்சர் மேடை ஏறிக் கெஞ்சவேண்டிய அளவுக்கு அந்தக் கடன் பெருகியிருக்கிறது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டாமா? எந்தப் பள்ளியிலாவது கணக்கு வாத்தியார் பீரியடைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆக, மூன்று வருஷமோ இரண்டு வருஷமோ டியூஷனில் உட்கார்ந்து, நுழைவுத்தேர்வுக்கும் உட்கார்ந்து, எடை கூடி, கால் வலு குறைந்து வருகிற பெண்ணை ஜூலையில் பார்த்து, 'பரவாயில்லை, ஸ்கூல்ல ஸ்டேட் லெவல் ஆடினவ' என்று சர்டிஃபிகேட்டை நம்பி எடுத்து, சில வாரங்களில் போட்டிக்கு இறக்குகிறோம்.

என்ன ஆகும்? முட்டி போகும்.

இது நான் கிளப்பும் பீதி இல்லை. முழங்கால் மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஒரு தசைநார் இருக்கிறது. ஏ.சி.எல். என்பார்கள். குதித்து இறங்கும்போது, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது அது அறுந்துபோகும். கூடைப்பந்தில் வேறு என்ன இருக்கிறது, குதிப்பதும் திரும்புவதும்தான். இந்தக் காயம் பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்று உலகம் முழுக்க விளையாட்டு மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள். இடுப்பும் தொடையும் முழங்காலும் ஒரே கோட்டில் இருக்கும்படி எப்படி இறங்குவது என்று சொல்லிக்கொடுக்கும் 15, 20 நிமிஷ வார்ம்-அப் பயிற்சிகள் இருக்கின்றன. முறையாகச் செய்தால் இந்தக் காயம் பாதியளவாவது குறையும். பைசா செலவில்லை. மெஷின் வேண்டாம். தெரிந்த ஒரு ஆளும் ஆறு வார நேரமும் வேண்டும். சீசனுக்கு முன்னால் தயார் செய்வது என்றால் இதுதான். ஜெர்ஸி அளவு எடுப்பதை முன்தயாரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முட்டி போன பெண்ணின் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆபரேஷன் செலவு ஒரு பக்கம். 'நான்தான் அப்பவே சொன்னேன்ல' என்கிற குரல் இன்னொரு பக்கம். புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ தருவைக்குளத்திலோ அந்தத் தெருவில் அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தப் பெண்ணும் பந்தைத் தொட வேண்டாம், ஒரு முட்டி போதும்.

பெற்றோரைத் திட்டித் தீர்ப்பது சுலபம். 'வெயில்ல ஆடி கறுத்துப் போயிட்டா யாருட்டி கட்டிட்டுப் போவா?' என்று கேட்கிற அம்மாவைக் கிண்டல் செய்து ஒரு முழுப் பத்தி எழுதலாம். அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அம்மா அடுத்து இன்னொன்று கேட்பாள் பாருங்கள், அதற்கு நம்மிடம் பதில் இல்லை. 'சரி, ஆடுதா. ஆடி என்ன கெடைக்கும்?'

கிடைத்த கதைகள் இல்லாமல் இல்லை. சென்னைப் பெண் அனிதா பால்துரை. இருபது வயசுகூட ஆகாதபோதே இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடியவர். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் பி பிரிவை வென்ற இந்திய அணியில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ. இத்தனை வருஷம் அவரைத் தாங்கியது தெற்கு ரயில்வே வேலை. கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான். 2011-இல் அமெரிக்க டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போய்வந்தவர் அவர். தேசியப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ரயில்வே அணியே ஜெயித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். மாதச் சம்பளம் கொடுத்தார்கள், பெண்கள் முப்பது வயசுக்கு மேலும் ஆடினார்கள்.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் அது தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவர்களுக்கு. அங்கே போக மாநில அணிக்குள் வர வேண்டும். மாநில அணிக்குள் வரத் தேர்வாளர் கண்ணில் பட வேண்டும். நாலு நிமிஷம் ஆடுகிறவள் யார் கண்ணில் படுவாள்? மாடியில் அறை ரெடி, ஏணியில்தான் கீழே நாலு படியைக் காணோம்.

'முதலமைச்சர் கோப்பை இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. 2023-இலிருந்து கல்லூரி மாணவர்களையும் சேர்த்துப் பெரிதாக நடத்துகிறார்கள். குழு ஆட்டத்தில் தங்கம் ஜெயித்தால் ஆளுக்கு 75,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். நம் ஊரில் பெண்கள் டீமுக்கு அப்படி ஒரு தொகையை யார் கொடுத்திருக்கிறார்கள்? கை தட்டத்தான் வேண்டும். ஆனால் அது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற திருவிழா. தூத்துக்குடிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பனிமய மாதா கோயில் தங்கத்தேர் மாதிரி. தங்கத்தேர் ஓடுகிற வருஷம் ஊரே கூடும், பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் தினமும் வேலைக்குப் போக டவுன் பஸ்தான் வேண்டும்.

அந்த டவுன் பஸ் பெயர் லீக்.

எட்டுக் கல்லூரிகள் போதும். தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி, ஏ.பி.சி. மகாலட்சுமி மகளிர் கல்லூரி இருக்கின்றன. பெண்களும் படிக்கிற வ.உ.சி., காமராஜ் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்செந்தூரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரி, நாசரேத்தில் மர்காஷிஸ் கல்லூரி, பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி. கோவில்பட்டியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எங்கே இன்று அணி இருக்கிறது, எங்கே இல்லை என்பது இரண்டாம் பட்சம். மேட்ச் இருந்தால் அணி வரும். எட்டு அணிகள் ஒருவரோடொருவர் ஒரு தடவை ஆடினாலே ஆளுக்கு ஏழு ஆட்டம், மொத்தம் 28. தோற்ற அணிக்கும் ஏழு ஆட்டம், ஜெயித்த அணிக்கும் ஏழு ஆட்டம். சனிக்கிழமைக்கு நாலு ஆட்டம் வீதம் ஏழு சனிக்கிழமையில் முடிந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர், பாளையங்கோட்டை சுமார் 50. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டில். ராத்திரித் தங்கல் இல்லை என்பதால் அந்த அம்மாவின் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

நடுவர்களும் பயிற்சியாளர்களும் வேண்டுமே என்றால், திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரியே இருக்கிறது. உடற்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்கும் விசில் ஊதிப் பழக ஆட்டம் வேண்டாமா?

இதெல்லாம் கனவு என்று தோன்றினால் இதே மாவட்டத்துக் கோவில்பட்டியைப் போய்ப் பாருங்கள். கடலைமிட்டாய்க்கு மட்டும் பேர்போன ஊர் இல்லை அது. தலைமுறை தலைமுறையாக ஹாக்கி. செயற்கை இழை மைதானம், விளையாட்டு விடுதி, அகில இந்தியப் போட்டி மூன்றும் ஒரே ஊரில். 2022 ஆசியக் கோப்பையில் ஆடிய இந்திய ஹாக்கி அணியில் மாரீஸ்வரன், கார்த்தி என்று இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். இருவரும் அந்த மைதானத்தில் வளர்ந்தவர்கள். அங்கே பையன்களுக்கு முடிந்தது அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பெண்களுக்கு முடியாதா?

பணம்? இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ, விற்றுமுதலோ, நிகர மதிப்போ உள்ள கம்பெனிகள் கடந்த மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் கிராமப்புற விளையாட்டு, தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு இவற்றுக்கான பயிற்சி என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பெண்கள் கூடைப்பந்து 1976-இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது. 1921-இல் பிறந்த ஒரு வங்கியின் தலைமையகம் இருக்கிறது. உரம், ரசாயனம், அனல்மின் நிலையம், 2025-இல் திறந்த வியட்நாம் கார் ஆலை என்று வரிசையாக இருக்கின்றன. கோயில் வாசலில் பெஞ்சு போட்டு அதில் கம்பெனிப் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. 28 ஆட்டத்துக்கு ஆகிற பஸ் வாடகை, பழம், குளுகோஸ், நடுவர் படி இவை அந்தக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் ரவுண்டு-ஆஃப் செய்கிற தொகைக்குள் அடங்கிவிடும். பங்கு விற்றுப் பணம் திரட்டி, 1906-இல் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்ட ஊர் சார் இது. பஸ் விட முடியாதா?

கல்லூரி நிர்வாகங்கள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. 'மாணவிகள் படிக்க வருகிறார்கள், ஆட அல்ல.' அப்படியானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கொடுப்பது எதற்கு? ஷீல்டு வாங்கி முதல்வர் அறை அலமாரியில் வைப்பதற்கா? சீட் கொடுக்கும்போது அவள் வீராங்கனை. இன்டர்னல் தேர்வு அன்று மேட்ச் வந்தால் அவள் ஆப்சென்ட். பாடத்திட்டத்திலேயே பார்ட் ஃபைவ் என்று என்.சி.சி., என்.எஸ்.எஸ்.ஸோடு விளையாட்டையும் வைத்துக்கொண்டு, மைதானத்தில் இருந்த பெண்ணுக்கு வருகைப்பதிவு போட யோசிப்பது என்ன நியாயம் என்று புரியவில்லை.

எங்கள் ஆட்களையும் விட முடியாது. கல்லூரி அணி கோப்பை ஜெயித்தால் பத்திரிகையில் ஒரு போட்டோ வரும். நடுவில் செயலர், முதல்வர், துறைத்தலைவர்கள், பக்கத்தில் உடற்கல்வி இயக்குநர். படத்துக்குக் கீழே அவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கும். கோப்பையை ஜெயித்த பெண்கள் 'மாணவிகள்' என்கிற ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடுவார்கள். யார் எத்தனை பாயிண்ட் போட்டாள் என்று ஒரு வரி வந்தால் அந்தத் தெருவில் அவள் வீட்டு நிலைமையே மாறும். அதற்கு ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்க மாட்டோம்.

இந்த ஜூலையில் உங்கள் மகளோ, அண்ணன் மகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ அந்த வெள்ளைத்தாளைப் பார்த்து மைதானத்துக்குப் போகிறாள் என்று வையுங்கள். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, கேம்பஸ் இன்டர்வியூ உண்டா என்று கேட்பதோடு நாலு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை மேட்ச்? முதல் மேட்ச்சுக்கு முன்னால் எத்தனை வாரம் பயிற்சி? அடிபட்டால் செலவு யாருடையது? பந்து ஆறாம் நம்பரா, ஏழாம் நம்பரா? கடைசிக் கேள்வியைக் கேட்டு யாராவது சிரித்தால் விடாதீர்கள். பெண்களுக்கான பந்து ஆறாம் நம்பர், சுற்றளவும் எடையும் குறைவு. ஆண்கள் பந்தைக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் போட்டியில் வேறு பந்தைக் கையில் கொடுத்தால், பந்து கூடைக்கு மேலே பறக்கும்.

பல்கலைக்கழகம் லீக் நடத்தும் வரை, கம்பெனிகள் பிரிவு 135-ஐப் படித்து முடிக்கும் வரை, காத்திருக்க வேண்டியதில்லை. 1893-இல் ஸ்மித் கல்லூரியில் செய்ததை எந்தக் கல்லூரியும் இந்த மாதமே செய்யலாம். முதல் வருஷத்துக்கும் இரண்டாம் வருஷத்துக்கும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆட்டம். அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், பஸ் வேண்டாம், பந்தும் விசிலும் இருக்கவே இருக்கிறது. புதுப் பெண்கள் ஐந்து பேருக்கும் முழுசாக நாற்பது நிமிஷம். அப்பா அம்மாக்களைக் கூப்பிட்டு நிழல் விழுகிற பக்கம் நாற்காலி போடுங்கள். ஸ்கோர் எழுத பி.காம். பெண்களைக் கூப்பிடுங்கள், கணக்கு உதைக்காது.